எலும்புக் குவியலூரில் ஒரு கலாசாலை

கனடா தேசத்தின் மேற்குப் பாகத்திலே, மலையுமின்றிக் கடலுமின்றிப் பார்வை போன மட்டும் பரந்து கிடக்கும் புல்வெளி நாடு ஒன்று உண்டு. சஸ்காச்சுவான் என்பது அம்மாகாணத்தின் பெயர். ரொறன்ரோ நகரிலிருந்து ஆகாய விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் அதன் தலைநகராகிய றெஜைனாவிற் சென்று இறங்கலாம். நாம் இறங்கியது செப்டெம்பர் மாதத்தின் கடைசி வாரம். கோதுமை அறுத்த வயல்கள் பழுப்பு நிறமாய்க் கிடந்தன. வானத்திலே காட்டு வாத்துகள் அணியணியாகத் தெற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. வன்னிப் பெருநிலத்து வயல்வெளியைக் கண்டு பழகிய எமக்கும் இச்சமவெளி திகைப்பையே தந்தது. வன்னியிலே எங்காவது ஒரு குளக்கட்டோ பனங்கூடலோ கண்ணை மறித்து நிற்கும். இங்கே அப்படியொன்றும் இல்லை. வீட்டை விட்டு ஓடிப்போன நாயை மூன்று நாள் கழித்தும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

றெஜைனா என்ற சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அரசி என்பது பொருள். 1882 ஆம் ஆண்டில் இருப்புப் பாதை வந்தபோது விக்டோரியா மகாராணியாரின் ஞாபகமாக இட்ட பெயர் அது. அதற்கு முன் இவ்விடத்தை வெள்ளையர் 'எலும்புக் குவியல்' என்றே அழைத்தனர். கிறீ மொழி பேசும் மக்கள் அதனை 'ஓஸ்கனா கா-அசஸ்தேகி' என்றனர். எலும்புகள் குவித்து வைக்கப்பட்ட இடம் என்பது அதன் கருத்து. வேட்டையாடிய காட்டெருமைகளின் எலும்புகளை அவர்கள் இங்குள்ள ஓடைக் கரையிலே ஒழுங்காக அடுக்கி வைத்தார்களாம். மாண்ட விலங்கின் எலும்பு கிடக்கும் இடத்தை உயிரோடிருக்கும் மந்தை நாடி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மந்தை திரும்பி வரவில்லை. கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் 1880 களின் இறுதிக்குள் சில நூறாகக் குறைந்தன. எஞ்சிய எலும்புகளையும் பொறுக்கிப் புகைவண்டியில் ஏற்றி உரத்துக்கும் சீனி ஆலைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஓடைக்கு மட்டும் 'வஸ்கானா' என்று பழைய பெயரின் திரிபு நின்றுவிட்டது.

அந்த ஓடையை மறித்துக் கட்டிய செயற்கை ஏரியும், அதன் கரையில் 1912 இல் திறந்த சட்டசபை மாளிகையும் நகரின் அழகுகள். அவற்றைப் பற்றி எழுதுவார் பலர் உளர். நாம் போனது வேறொன்றைப் பார்க்க.

எமது ஒன்றுவிட்ட தங்கையின் குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் உத்தியோகத்தின் பொருட்டு ரொறன்ரோவிலிருந்து இங்கு வந்து குடியேறியது. அவளுடைய மூத்த மகள், எமக்கு மருமகள், பல்கலைக் கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. கலைமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். அதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. அவள் எடுத்திருக்கும் பாடந்தான் ரொறன்ரோவிலுள்ள உறவினர் வட்டாரத்திற் பெரும் புகைச்சலைக் கிளப்பியிருந்தது. கனடாவின் ஆதிக்குடிகளைப் பற்றிய படிப்பு அது; முதற்குடி இயல் என்று தமிழிற் சொல்லலாம். "கணக்கியல் படித்திருக்கலாம், தாதியர் படிப்புப் படித்திருக்கலாம், இதைப் படித்து எந்தக் கந்தோரிற் போய் இருக்கப் போகிறாள்?" என்று எமது பெரியம்மா, அதாவது அவளுடைய அம்மம்மா, ஸ்காபரோவிலுள்ள வீட்டில் எமக்குத் தேநீர் தந்தபடியே கேட்டார். பெரியம்மாவின் கேள்வியை நாமும் மனத்தில் முடிந்துகொண்டுதான் விமானம் ஏறினோம்.

"வாங்கோ மாமா, நீங்களே வந்து பாருங்கோ" என்று மருமகள் மறுநாட் காலை எம்மை அழைத்துச் சென்றாள்.

கனடாவின் முதற்குடிகள் பல்கலைக் கழகம் நகரின் தென்கிழக்குப் பாகத்தில் றெஜைனாப் பல்கலைக் கழகத்துக்கு அருகே இருக்கிறது. கட்டடத்திலே நேர்கோட்டைக் காண்பது அரிது. சுவர்கள் காற்றில் அலையும் புல்லைப்போல வளைந்து வளைந்து செல்கின்றன. டக்ளஸ் கார்டினல் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. அவரும் முதற்குடி மரபில் வந்தவர். 2003 ஆம் ஆண்டிற் கட்டடம் திறக்கப்பட்டது. வளைந்த சுவர்களின் நடுவே கண்ணாடியாலான ஒரு பெருங் கூம்பு எழுந்து நிற்கிறது. சமவெளி மக்கள் காட்டெருமைத் தோலினால் அமைத்த கூடாரத்தின் வடிவம் அது. போர்களிலே கனடாவுக்காகப் போராடிய முதற்குடிப் படைவீரரின் நினைவுக்கு அதனை அர்ப்பணித்திருக்கிறார்கள். அவ்வீரர்களைப் பற்றி ஒரு செய்தி: இரண்டாம் உலக யுத்தத்திற் போய்ப் போரிட்டுத் திரும்பிய பின்னும், தம் குடியுரிமைப் பதிவை இழக்காமல் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்கள் இனத்தாருக்கு 1960 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது.

இக்கலாசாலை 1976 இல் வேறொரு பெயரிலே ஆரம்பமானது. சஸ்காச்சுவான் இந்தியர் இணைவுக் கல்லூரி என்பது அப்பெயர். முதல் ஆண்டில் மாணவர் ஒன்பது பேர். றெஜைனாப் பல்கலைக் கழகத்தோடு செய்த உடன்படிக்கையின்படி பாடமும் ஆசிரியரும் நிர்வாகமும் முதற்குடிகளுடையவை. பட்டம் பல்கலைக் கழகத்துடையது. இன்றும் அப்படியே. 'இந்தியர்' என்ற சொல் கொலம்பஸ் திசை தவறி வந்ததால் இம்மக்கள் தலையில் விழுந்தது. நாமும் சிறு வயதிற் புத்தகத்தில் 'சிவப்பிந்தியர்' என்றே படித்தோம். சட்டப் புத்தகத்தில் மட்டும் அப்பெயர் இன்னும் இருக்கிறது. ஏனைய இடங்களில் மறைந்து வருகிறது.

அந்தச் சட்டப் புத்தகத்தைப் பற்றித்தான் மருமகள் முதலிற் சொன்னாள். 1876 ஆம் ஆண்டின் 'இந்தியர் சட்டம்' ஒரு விசித்திரமான விதியை வைத்திருந்தது. முதற்குடியிற் பிறந்த ஒருவர் வைத்தியராகவோ வழக்கறிஞராகவோ மதகுருவாகவோ ஆனால், அல்லது எந்தப் பல்கலைக் கழகத்திலாவது ஒரு பட்டம் பெற்றால், அக்கணமே அவர் சட்டத்தின் கண்ணில் இந்தியர் அல்லாதவர் ஆகிவிடுவார். பட்டம் கையிற் கிடைத்ததும் குலம் கையை விட்டுப் போகும். 1880 இல் அவ்விதியைத் தளர்த்தி, விரும்பி விண்ணப்பித்தவருக்கு மாத்திரம் என்று மாற்றினார்கள். ஆனாலும் படிப்பு என்றால் பிரிவு என்ற எண்ணம் சட்டத்திலிருந்து மனத்துக்குள் இறங்கிவிட்டது. அதே நாட்டில், அதே மக்களின் சரித்திரத்தையும் மொழியையும் சட்டத்தையும் படித்தே ஒருவர் பட்டம் பெறலாம் என்றால், அது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மாற்றம் தானாக வந்ததன்று. 1969 இல் ஒட்டாவா அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, இந்தியர் சட்டத்தையும் ஒப்பந்தங்களையும் ஒருங்கே முடித்துவிட எண்ணியது. முதற்குடித் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஹரல்ட் கார்டினல் என்ற கிறீ இளைஞர் அதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். 1972 இல் தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்ற சபை, எங்கள் கல்வி எங்கள் கையில் இருக்கவேண்டும் என்று ஒரு கொள்கைப் பத்திரத்தை அரசிடம் கொடுத்தது. ஒன்ராரியோவில் ட்ரென்ட் பல்கலைக் கழகம் 1969 இலேயே இத்துறைக்கு ஒரு தனிப் பகுதியைத் தொடங்கியிருந்தது. கனடாவில் அதுவே முதலாவது. றெஜைனாவின் சிறப்பு, கலாசாலையே அம்மக்களுடையதாக இருப்பது.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நாற்பது பாடங்கள், பொதுவாக நான்கு ஆண்டுகள். சரித்திரம், ஒப்பந்தங்கள், சட்டம், ஆராய்ச்சி முறை, வாய்மொழி வரலாறு என்று அவை விரிகின்றன. கிறீ, சோல்ற்றோ, டக்கோட்டா, நக்கோட்டா, டெனே முதலிய மொழிகளையும் இங்கே கற்கலாம். ஆனால் அட்டவணையைப் பார்த்து ஒரு படிப்பின் சுவையை அறிய முடியுமா? மருமகளின் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினோம். முதற் பக்கத்திலேயே ஒரு படம் ஒட்டியிருந்தது.

அப்படத்தின் வரலாறு இது. றெஜைனாவிலிருந்து வடகிழக்கே எழுபது கிலோமீற்றர் தூரத்தில், சமவெளி திடீரென்று பிளந்தது போன்ற ஒரு பள்ளத்தாக்கில், குவாப்பெல் கோட்டை என்ற ஊர் உண்டு. 1874 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆம் திகதி அங்கே மகாராணியாரின் பிரதிநிதிகளும் கிறீ, சோல்ற்றோத் தலைவர்களும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நான்காம் ஒப்பந்தம் என்பது அதன் பெயர். றெஜைனா நகரம் முழுவதும் அந்த ஒப்பந்த நிலத்திலேதான் நிற்கிறது. அக்கூட்டத்திலே பாஸ்குவா என்ற தலைவர், ஹட்சன் வளைகுடாக் கொம்பனியின் ஆளைச் சுட்டிக்காட்டி, நீங்கள் எங்கள் நிலத்தை மூன்று இலட்சம் பவுணுக்கு விற்றீர்களாமே, அந்தப் பணம் எங்களுக்குச் சேரவேண்டியது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பணம் வரவில்லை.

ஆங்கிலத்தில் எழுதிய பத்திரம், நிலத்தை முற்றாக விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறது. முதற்குடி மூத்தோரின் ஞாபகம் அப்படிச் சொல்லவில்லை. கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மட்டும் நிலத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தோம். சூரியன் ஒளிரும் வரைக்கும், ஆறு ஓடும் வரைக்கும் என்று இரு பக்கமும் வாக்குக் கொடுத்தோம் என்கிறார்கள். நம் கோயிற் கல்வெட்டுகளிலே தானம் கொடுத்தவர்கள் 'சந்திராதித்தர் உள்ளவரை' என்று பொறித்தது எமக்கு உடனே நினைவுக்கு வந்தது. மனிதன் தன் வாக்குக்கு ஆயுள் வேண்டும் என்று நினைக்கும்போது எந்தக் கண்டத்திலும் வானத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறான் போலும்.

பாஸ்குவா எழுதத் தெரிந்தவரல்லர். ஆனால் மறக்கத் தெரிந்தவருமல்லர். ஒப்பந்தத்தில் என்ன பேசினார்கள், என்னென்ன பொருள் தருவதாகச் சொன்னார்கள் என்பதைப் படமாகவே வரைந்து வைத்தார். எப்படியோ கடல் கடந்து போன அப்படங்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின் லண்டன் நகரில் ஏல விற்பனைக்கு வந்தன. அவருடைய குடியினர் பணந் திரட்டி 2007 இல் அவற்றை மீட்டுக்கொண்டு வந்தார்கள். இன்று றெஜைனாவிலுள்ள அரச சஸ்காச்சுவான் நூதனசாலையில் அவை பாதுகாக்கப்படுகின்றன. மருமகளின் புத்தகத்தில் ஒட்டியிருந்தது அதன் பிரதி. ஆங்கிலப் பத்திரத்தை ஒரு பக்கத்திலும் இப்படத்தை மறு பக்கத்திலும் வைத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதுவது அவளுடைய வகுப்பின் பயிற்சி. பாஸ்குவாவின் படம் அங்கே அலங்காரமன்று, சாட்சி.

ஒப்பந்தத்தின்படி ஆளுக்கு ஆண்டுதோறும் ஐந்து டொலர் கொடுக்கவேண்டும். இன்றும் அதே ஐந்து டொலரைத்தான் கொடுக்கிறார்கள். 1874 இல் அது ஒரு குடும்பத்துக்கு உதவியிருக்கும். இன்று நாமிருவரும் கலாசாலைச் சிற்றுண்டிச்சாலையில் அருந்திய கோப்பிக்கே அது போதவில்லை. நிலத்துக்காக வழக்காடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். 1927 முதல் 1951 வரை, நிலக் கோரிக்கைக்கென்று முதற்குடிகளிடம் பணம் சேர்ப்பதையே சட்டம் தடுத்து வைத்திருந்தது. உறுதி இருந்தும் அப்புக்காத்துப் பிடிக்க முடியாத நிலைமை! காணி வழக்கிலே மூன்று தலைமுறையைச் செலவிட்ட நம் யாழ்ப்பாணத்தாருக்கு அதன் கொடுமையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று பிற்பகல் கிறீ மொழி வகுப்பொன்றில் ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்க எமக்கு அனுமதி கிடைத்தது. மாணவர் இருபதுக்கு உட்பட்டவர்கள். பதினெட்டு வயதுப் பையன்களும் இருந்தார்கள்; பேரப்பிள்ளை கண்ட ஓர் அம்மையாரும் இருந்தார். கிறீ எழுத்தைப் பார்த்ததும் எமக்கு ஒரு பழகிய உணர்ச்சி தோன்றியது. நாம் க, கி, கே என்று மெய்யோடு குறியைச் சேர்க்கிறோம். அவர்களோ அதே மெய்யின் வடிவத்தை நாலு திசைக்கும் திருப்பிவிடுகிறார்கள். எழுத்து எந்தத் திசை நோக்குகிறதோ அதற்கேற்ப உயிரொலி மாறும். 1840 அளவில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் இதனை அமைத்தார் என்பது அச்சிட்ட சரித்திரம். கிறீ மூத்தவர் ஒருவருக்கு மேலுலகில் அருளப்பட்டது என்பது அம்மக்களின் மரபுக் கதை. வகுப்பில் இரண்டையும் சொல்கிறார்கள்.

கிறீ மொழியிற் சொற்களெல்லாம் உயிருடையன, உயிரற்றன என்று இரண்டு திணையாகப் பிரிகின்றன. நம் உயர்திணை அஃறிணையைப் போன்றதென்று சொல்லலாம். ஆனால் கோடு வேறிடத்திற் போடப்பட்டிருக்கிறது. 'அசினி' என்றால் கல். அது உயிருடைய திணை! புகைக்குழாயும் அப்படியே. ராஸ்பெரிப் பழம் உயிருடையது, ஸ்ட்ரோபெரிப் பழம் உயிரற்றது. ஏன் என்று கேட்டால் மூத்தோர் சிரிக்கிறார்கள். 2005 இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் இக்கலாசாலைக்கு வந்தபோது, ஸ்கொத்லாந்தில் தமது பல்மோரல் மாளிகை நிலத்திலிருந்து எடுத்த கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். விக்டோரியா மகாராணியார் காலத்து ஒப்பந்தங்களின் ஞாபகச் சின்னமாம். ஆங்கிலத்தில் அது வெறும் கல். கிறீ மொழியில் உயிருள்ள ஒரு சாட்சி வந்திருக்கிறது. கொடுத்தவருக்கு இலக்கண பேதம் தெரிந்திருந்ததோ என்னவோ!

எல்லாவற்றினும் எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு சங்கதி. ஆங்கிலத்திற் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். கேட்பவனையும் சேர்த்தோ விலக்கியோ சொன்னது என்பது அதில் விளங்காது. தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு உண்டல்லவா? கிறீ மொழியிலும் அப்படியே இரண்டு: 'கியானவ்' என்றால் நாம், 'நியனான்' என்றால் நாங்கள். இதை ஆசிரியை பலகையில் எழுதியதும் வகுப்பிலுள்ள வெள்ளைக்காரப் பிள்ளைகள் தடுமாறினார்கள். எம் மருமகள் மட்டும் சிரித்துக்கொண்டு எம்மைத் திரும்பிப் பார்த்தாள். ஒப்பந்தக் கூட்டத்திலே மகாராணியின் பிரதிநிதி ஆங்கிலத்திற் சொன்ன ஒவ்வொரு தன்மைப் பன்மையையும் மொழிபெயர்ப்பாளர் இந்த இரண்டில் எதுவாக மாற்றியிருப்பார்? இந்த நிலத்தை 'நாம்' பகிர்வோம் என்றாரா, 'நாங்கள்' எடுப்போம் என்றாரா? ஒரு நாட்டின் நிலமெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைக்காரரான நாம், கட்டுரை முழுவதும் நம்மை 'நாம்' என்று எழுதி வாசகரையும் இழுத்துக்கொண்டு போவது வேறு கதை.

இங்கே ஆசிரியர்களோடு மூத்தோரும் கற்பிக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்டறிய விரும்பும் மாணவர் வெறுங்கையோடு போகலாகாது. சிறிது புகையிலையை முன்வைத்து வணங்கிக் கேட்கவேண்டும். மூத்தவர் அதை எடுத்துக்கொண்டால் சொல்லச் சம்மதித்தார் என்பது அர்த்தம். வெற்றிலை பாக்கு வைத்துக் காரியம் கேட்கும் நமக்கு இதிற் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் மூத்தவர் வாய்ச் சொல்லை அறிவென்று ஏற்றுக்கொள்ளக் கனடாவின் நீதிமன்றங்களுக்கு நெடுங்காலம் சென்றது. பசிபிக் கரையோரமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிற்ஸான், வெற்சுவெட்டென் என்ற இரு குடிகள் தம் நிலத்துக்காக வழக்காடியபோது, மேரி ஜோன்சன் என்ற மூதாட்டியார் தம் குலத்தின் உரிமைப் பாடலை நீதிபதி முன்னிலையிற் பாடினார். எங்கள் குலத்தில் அப்பாடல்தான் உறுதி என்பது அவர்கள் வாதம். தமக்குப் பாட்டுக் கேட்கும் காது இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். 1991 இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. 1997 டிசெம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, வாய்மொழி வரலாற்றுக்கும் சாட்சியத்தில் உரிய இடம் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. பெரியம்மாவின் உத்தியோகக் கேள்விக்கு விடையின் ஒரு பாகம் இங்கே இருக்கிறது. அன்று முதல் அரசாங்கங்களுக்கும் சுரங்கக் கொம்பனிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இவ்வரலாற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இப்பட்டத்தோடு சட்டக் கல்லூரிக்குப் போவோர், ஆசிரியராவோர், தம் குடியின் நிர்வாகத்திற் சேர்வோர் உளர். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: வைத்தியக் கல்லூரிபோல வாசலிலேயே சம்பளம் காத்திருக்கும் படிப்பன்று இது.

வகுப்பில் இருந்த பாட்டியாரைப் பற்றிச் சொன்னோம். அவர் வேலைக்காகப் படிக்கவில்லை. அவர் பேச்சுக்கிடையே சொன்னது இது: அவருடைய தாயார் வேற்று இனத்தவரை மணந்தார். அக்காலச் சட்டப்படி அப்படி மணந்த பெண் முதற்குடிப் பதிவை இழந்துவிடுவாள். ஆண் மணந்தால் அவ்விதி இல்லை. 1985 இற் சட்டம் திருந்திய பிறகே தாயாருக்குப் பதிவு மீண்டது. பதிவு மீண்டதே தவிர மொழி மீளவில்லை. தாயார் சிறுமியாக இருந்தபோதே விடுதிப் பாடசாலையில் அது அடித்துத் துரத்தப்பட்டுவிட்டது. "என் அம்மா எனக்குத் தரமுடியாமற் போனதை நான் பல்கலைக் கழகத்திற் பணம் கட்டி வாங்குகிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

விடுதிப் பாடசாலைகளைப் பற்றி உலகம் இன்று ஓரளவு அறியும். அரசு பணம் கொடுக்கத் திருச்சபைகள் நடத்தின. ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அவற்றில் வைக்கப்பட்டார்கள் என்று 2015 இல் அறிக்கை கொடுத்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு கூறுகிறது. கடைசியாக மூடப்பட்டவற்றுள் ஒன்று இம்மாகாணத்திலேயே பன்னிச்சி என்ற ஊரருகே இருந்தது. மூடிய ஆண்டு 1996. மருமகளுக்கு மூத்த தமையன் இருந்திருந்தால் அவன் வயதுப் பிள்ளைகள் அதிற் படித்திருப்பார்கள். றெஜைனா நகரின் மேற்கோரத்தில் 1891 முதல் 1910 வரை நடந்த பாடசாலை ஒன்றின் இடுகாடு இருக்கிறது. வேலியிட்ட ஒரு புற்றரை. பெரும்பாலான குழிகளுக்கு அடையாளக் கல் இல்லை. வேலிக்கம்பியில் யாரோ சிறு சப்பாத்துகளையும் பொம்மைகளையும் கட்டியிருந்தார்கள். செப்டெம்பர் 30 ஆம் திகதி இப்பிள்ளைகளை நினைக்கும் நாள்; 2021 முதல் அரசாங்க விடுமுறை. அன்று செம்மஞ்சட் சட்டையணிந்து மாணவர் பலர் வந்து நின்றார்கள். யாரும் பேசவில்லை. காற்று மாத்திரம் வீசிக்கொண்டிருந்தது.

கலாசாலைக்கும் கண்டங்கள் வந்து போயிருக்கின்றன. 2010 ஆம் ஆண்டு, நிர்வாகத்திலே குறைகள் என்று காரணம் காட்டி மாகாண அரசு 52 இலட்சம் டொலரையும், அதைத் தொடர்ந்து மத்திய அரசு 72 இலட்சம் டொலரையும் நிறுத்துவதாக அறிவித்தன. நிர்வாகத்திற் பிணக்கு இருந்தது மெய். ஆனால் நிர்வாகத்தைத் திருத்துவது ஒன்று. கதவைச் சாத்துவது வேறொன்று. மாணவர்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து கட்டடத்துக்குள்ளேயே தங்கி மறியல் செய்தார்கள். நிர்வாகம் மாற்றப்பட்டது, பணமும் பின்னர் வந்தது. ஒரு பட்டப் படிப்பைக் காப்பாற்றக் கல்லூரித் தரையிற் படுத்துறங்கிய மாணவரை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எமக்கு ஒரு ஐயம் இருந்தது. வேறொரு குடியின் படிப்பை நம் பிள்ளை படிக்கலாமா? ஆதிக்குடிகளைப் பற்றிப் பிறர் ஆராய்ந்து எழுதிய நூல்கள் உலகிற் குவிந்து கிடக்கின்றன. நம் நாட்டு வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911 இல் எழுதிய பெருநூலை ஆராய்ச்சியாளர் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்; வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூல் எது என்று கேட்டால் நாம் விழிக்கவேண்டியவர்களே. மருமகளும் இன்னொரு செலிக்மன் ஆகப்போகிறாளோ என்று அவளிடமே கேட்டோம்.

"இல்லை மாமா, இங்கை முதலிலை எங்களைப் பற்றித்தான் சொல்லச் சொன்னவை" என்றாள். வகுப்பின் முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து, தம் பெயர், தாய் தந்தை, அவர்களுடைய ஊர், தாம் இப்போது யாருடைய நிலத்தில் வாழ்கிறார்கள் என்பவற்றைக் கூறவேண்டுமாம். யார் பேசுகிறார் என்று தெரியாமல் அவர் பேச்சை எப்படி எடை போடுவது என்பது அவர்கள் கொள்கை. மருமகள் பிறந்தது ரொறன்ரோவில். நம்மவர் ஆயிரக்கணக்கிற் குடியேறி வீடு வாங்கிக் கோயில் கட்டி வாழும் அந்நகரின் பெரும் பாகத்தை, 1805 இல் உறுதிப்படுத்திய ஒரு கொள்வனவின் மூலம் மிஸிஸாகா மக்களிடமிருந்து பிரிட்டிஷார் எடுத்தார்கள். அக்கொடுக்கல் வாங்கல் நேர்மையற்றது என்ற கோரிக்கை 2010 இல் தீர்ந்து, 14 கோடியே 50 இலட்சம் டொலர் அவர்களுக்கு வழங்கப்பட்டது. நம் உறவினர் வீட்டு விருந்துகளிலே வீட்டு விலை ஏறிய கதை கேட்டிருக்கிறோம். இந்தக் கதையை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

தகப்பன் வழி, தாய் வழி ஊர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருந்ததால், நாம் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு மருமகள் ஸ்காபரோவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பெரியம்மா மயிலிட்டியிற் பிறந்தவர். 1990 இல் இடம்பெயர்ந்தபோது வேறெதையும் எடுக்காவிட்டாலும் றங்குப் பெட்டியிலிருந்த காணி உறுதிகளை மடியிற் கட்டிக்கொண்டு வந்தவர். அவை கடல் கடந்து இன்னும் அவரிடமே இருக்கின்றன. பேர்த்தி கேட்கக் கேட்கக் காணியின் எல்லைகளை மனப்பாடமாகச் சொன்னார்: கிழக்கே இன்னார் வளவு, வடக்கே கடற்கரை ஒழுங்கை. பிறகு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். மருமகள் பாஸ்குவாவின் கதையைச் சொன்னாள். அரைமணி நேரம் சென்றிருக்கும். மறுமுனையிற் சிறிது நேரம் சத்தமில்லை.

"அப்ப அந்தச் சனத்திட்டை உறுதி இருக்குதோ பிள்ளை?"

"இருக்குது அம்மம்மா. எழுத்திலை இல்லை, படமாய்க் கீறி வைச்சிருக்கினம்."

"எதிலை கீறினால் என்ன" என்றார் பெரியம்மா. "பூச்சி அரிக்காமல் ரண்டு வேப்பிலை போட்டு வைக்கச் சொல்லு."